ஒன்பது மாத வெள்ளை ஞாயிறு

தென்கடல் தீவான சவாயியில், சாலெமோவா என்ற ஊரில், பேச்சுத் தலைவன் தோமாசியின் வீட்டில் வெள்ளை ஞாயிறு ஒன்பது மாதமும் பதினோரு நாளும் நீடித்தது. மற்ற வீடுகளில் அது வழக்கம்போல ராத்திரிப் படுக்கையோடு முடிந்தது. காலையில் திங்கட்கிழமை வந்தது, ஆண்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள், பெண்கள் துணி துவைத்தார்கள். தோமாசியின் வீட்டில் விடிந்தபோது மறுபடியும் வெள்ளை ஞாயிறாகவே இருந்தது. வெள்ளை ஞாயிறு என்பது அக்டோபரில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஒரு நாள். அன்றைக்குப் பிள்ளைகள் வெள்ளை உடுத்தித் தேவாலயத்தில் வசனம் ஒப்பிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர்கள்தான் முதல் பந்தி. பெற்றவர்கள் பரிமாறி, ஈ விரட்டி விசிறி, கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் இதையெல்லாம் பிள்ளைகள் செய்வார்கள், பெரியவர்கள் சாப்பிடுவார்கள். வருஷத்தில் ஒரே நாள் என்பதால்தான் பெரியவர்களால் சிரித்த முகமாக அதைச் செய்ய முடிகிறது.

தோமாசிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஊருக்காக எழுந்து பேசுகிறவன். கல்யாணம், சாவு, பட்டம் சூட்டு, எதுவானாலும் கோலை ஊன்றி, ஈயோட்டியைத் தோளில் போட்டு அவன் பேச ஆரம்பித்தால் நாய்கூடக் குரைக்காது. மூத்த மகன்கள் இருவரும் தலைநகர் ஆப்பியாவில் வேலைக்குப் போய்விட்டார்கள்; வீட்டில் மிச்சம் இருந்தது மனைவி லாங்கியும் ஏழு வயது மகள் சியேனியும். அவனுடைய அக்கா மகெரிதா கடல் தாண்டி ஆக்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். புருஷன் செத்துவிட்டான், பிள்ளை இல்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் அவள் போன் செய்து, சியேனியை எனக்குக் கொடு, நான் வளர்க்கிறேன் என்று கேட்டாள். தோமாசி அப்போது தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சரிக்கா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அக்கா கேட்டுத் தம்பி இல்லை என்று சொல்வது சவாயித் தீவில் நடக்காது. மழை கீழிருந்து மேலே பெய்தாலும் பெய்யும். மழை அப்படிப் பெய்ததை முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். தம்பி இல்லை என்று சொன்னதை யாரும் பார்த்ததில்லை.

பிள்ளையைச் சொந்தத்தில் கொடுப்பது அங்கே தப்பும் இல்லை, அதிசயமும் இல்லை. சாலெமோவாவில் பாதிப் பேர் பெரியம்மா வீட்டிலோ மாமா வீட்டிலோ வளர்ந்தவர்கள்தான், யாரும் கெட்டுப்போகவில்லை. லாங்கி மட்டும் ஒரு சாயங்காலம் பூரா அழுதாள். பிறகு சோறு போடும்போது, "அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றாள். தோமாசி மீனின் வயிற்றுப் பக்கத்தைப் பிட்டுக்கொண்டே, "கோழியக் கேட்டுக்கிட்டா மசாலா அரைப்பாங்க? போ, அந்த உப்பக் கொண்டா" என்றான். சியேனிக்கு எதுவும் தெரியாது என்றே இருவரும் நினைத்தார்கள். அவர்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

மகெரிதா வெள்ளை ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினாள். திங்கட்கிழமைக்கு விமான டிக்கெட், தனக்கு ஒன்று, சியேனிக்கு ஒன்று. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வரி வசனம் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். தோமாசி தன் மகளுக்குப் பதினாலு வரி கொடுத்திருந்தான். பேச்சுத் தலைவன் மகள் இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கினால் நன்றாகவா இருக்கும். இரண்டு மாதம் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தான். அவளுக்கு ஒரு வித்தையும் கற்றுக் கொடுத்தான்: "கூட்டத்தப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு. நான் உன்னப் பாப்பேன். நான் பாத்ததும் ஆரம்பி, பயமே வராது." ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையோடு முன்னால் போய் நின்றாள். பேசவில்லை. போதகர் மூன்று தடவை கனைக்கும் நேரம் வரை பேசவில்லை. பொது இடத்தில் மௌனம் என்பது தோமாசிக்குத் தொண்டையில் சிக்கிய மீன் முள். பக்கத்து ஊர்த் தலைவர்கள் இரண்டு பேர் வேறு வந்திருந்தார்கள். அவன் எழுந்து நின்று, அந்தப் பதினாலு வரியையும் தானே, பட்டம் சூட்டுக்குப் பேசுகிற குரலில், ஓட்டுக்கூரை அதிரச் சொல்லி முடித்தான். எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். சியேனி திரும்பி வந்து உட்கார்ந்தாள். அதிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் தேவாலய மணி அடித்தது. அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. அடுப்பு மூட்டாமலே கொல்லைக் கல்லடுப்பில் கல் காய்ந்திருந்தது. சேம்பும் தேங்காய்ப்பால் கட்டிய இலைப் பொட்டலங்களும் சுட்டு எடுக்கத் தயாராக இருந்தன. சியேனியின் சட்டையில் முந்தின நாள் சிந்திய கோகோக் கறையைக் காணவில்லை. தோமாசி வாசல் கல்லில் கத்தியைத் தீட்டினான்; தீட்டத் தீட்ட மழுங்கியது. முந்தின நாள் தின்று தீர்த்த ஐஸ்கிரீம் டப்பா மட்டும் காலியாகவே இருந்தது. அதற்கு ஞாயிறு பொறுப்பேற்கவில்லை.

அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகெரிதா பெட்டியையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். ஃபிலிபோவின் பஸ் வந்தது. சியேனி படியில் கால் வைத்ததும் இன்ஜின் நின்றது. காலை எடுத்தாள், ஓடியது. வைத்தாள், நின்றது. ஃபிலிபோ ஸ்டியரிங்கில் கையைப் போட்டுக்கொண்டு, "அக்கா, ஞாயித்துக்கெழம நம்ம பஸ் ஓடாது, தெரியுமில்ல?" என்றான். "இன்னைக்குத் திங்கள்டா மூதேவி!" "நான் உக்காந்திருக்கிற வரைக்கும் திங்கள்தான். இவ வந்தா ஞாயிறு ஆயிடுது. உள்ள முப்பது பேரு வேலைக்குப் போறாங்க, பிள்ளைய எறக்குங்க." அப்போதுதான் விஷயம் தெரிந்தது: ஞாயிறு வீட்டில் இல்லை, சியேனியிடம் இருந்தது. அவளைச் சுற்றி ஒரு வீட்டு அகலத்துக்கு அது அவள் கூடவே போனது. பக்கத்து வீட்டு வேனை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்கள். அது நடுரோட்டில் நின்று, வேதப் பாட்டு ஒன்றை ரேடியோவில் பாடியது. ரேடியோ அந்த வேனில் பழுதாகி நாலு வருஷம். புதன்கிழமை மகெரிதா தனியாகப் போனாள், வேலையை விட முடியாது. போகும்போது தம்பியிடம், "ஜூலையில எனக்கு லீவு. அதுக்குள்ள இத முடிச்சு வை. ஸ்கூல்ல எடம் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "சரிக்கா" என்றான் தோமாசி.

ஊர்ச் சபை கூடியது. போதகர் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்: பிள்ளை வசனம் சொன்னால்தான் வெள்ளை ஞாயிறு முடியும், இந்தப் பிள்ளை சொல்லவில்லை, அவளுக்குப் பதில் வேறொருவர் சொல்லிவிட்டார், ஆகவே முடியவில்லை. இதில் மர்மம் ஒன்றும் இல்லை என்றார். அதுவரைக்கும் அந்த வீட்டில் என்ன முறை என்று கேள்வி வந்தது. தோமாசியே எழுந்து அருமையாகப் பேசினான்: எங்கே வெள்ளை ஞாயிறு இருக்கிறதோ அங்கே வெள்ளை ஞாயிற்றின் முறைதான், பிள்ளை முதலில் சாப்பிடட்டும், பெற்றவன் பரிமாறட்டும், என் வீட்டுக்கு என்று தனிச் சட்டம் வேண்டாம். சபை மெச்சியது. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று அவன் நினைத்திருந்தான். தன் வாயே தனக்குக் குழி பறிக்கும் என்பது பேச்சாளர்களுக்குக் கடைசியில்தான் தெரியும்.

வாரம் மாதமானது. சியேனி பள்ளிக்கூடம் போனாள். அவள் உட்கார்ந்த பக்கம் கணக்குப் பாடம் நடத்த முடியவில்லை, சாக்பீஸ் எழுதவில்லை. டீச்சர் அவளைச் சீமைப்பலா மரத்தடிக்கு மாற்றினாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நாளுக்கொரு சண்டை போட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். லாங்கிக்கு இதில் பெரிய மாற்றம் இல்லை. அவள் எந்தக் கிழமையானாலும் பரிமாறிக்கொண்டுதான் இருந்தாள். "எனக்குன்னு ஒரு ஞாயிறு எவன் வச்சான்" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. மாற்றம் எல்லாம் தோமாசிக்குத்தான். வெளியே அவன் பேச்சுத் தலைவன். பக்கத்து ஊர்களில் அவன் பேசினால், அங்கே பொன் மாதிரி மதிக்கிற நெய்த பாய்களை அடுக்கடுக்காகப் பரிசு கொடுத்தார்கள். சுவரில்லாமல் தூண்களே நிற்கும் அந்த வீட்டின் கல்லைத் தாண்டி உள்ளே வந்ததும் விசிறியை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் பின்தூணுக்குப் போய்க் காலை மடக்கி உட்கார வேண்டும். சியேனி முன்தூண் ஓரம், அவன் இடத்தில்.

அவள் கொடுமை ஒன்றும் செய்யவில்லை. அதைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். அவன் எப்படி நடத்தினானோ அப்படியே, ஒரு நூல் கூட்டாமல் குறைக்காமல் நடத்தினாள். அப்பாவோடு பேசுவதில்லை என்றிருந்தவள் ஏவலுக்கு மட்டும் வாயைத் திறந்தாள். "அப்பா, தண்ணி." அவன் பாதி தூரம் போனதும், "அது இல்ல, அந்தக் குவளை." கொண்டு வந்து வைத்துவிட்டு உட்காரப் போகும்போது, "அப்பிடியே வெளிய மழ வருதா பாத்துட்டு வாங்க." முதல் வாரம் அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் வாரம் எரிச்சல் வந்தது. ஏவுகிறவனுக்கு ஒவ்வொரு ஏவலும் சின்னதுதான், ஏவப்படுகிறவனுக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை என்பதை அவன் ஜனவரியில் கண்டுபிடித்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

பின்தூணிலிருந்து பார்த்தால் வீடு வேறாக இருந்தது. மேஜைக்கு அடியில் சியேனி கரித்துண்டால் ஒரு பன்றி வரைந்திருந்தாள், அதற்கு ஆறு கால். விழுந்த பல் ஒன்றைத் தூணின் விரிசலில் சொருகி வைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் முழங்காலாகவும் குவளையின் அடிப்பாகமாகவுமே தெரிந்தார்கள். சாப்பிடுகிறவர் கையை இவ்வளவு உற்றுப் பார்க்க முடியும் என்று அவனுக்குத் தெரியாது. மீனின் வயிற்றுப் பக்கம் மிஞ்சுமா என்று பார்ப்பான், மிஞ்சாது, தலையும் வாலும் வரும். முப்பது வருஷமாக மறந்திருந்த அந்தக் கணக்கை அவன் கண் தானாகப் போட ஆரம்பித்தது, அவனுக்கே வெட்கமாக இருந்தது. பிப்ரவரியில் ஒருநாள் பவளப்பாறைக்கு அந்தப் பக்கம் ஆமை ஒன்று தன் முதுகில் இன்னோர் ஆமையைச் சுமந்துகொண்டு போனதைப் பார்த்தான். சொன்னால் யாரும் நம்பாத காட்சி. சொல்வதற்காகவே தண்ணீரிலிருந்து ஓடி வந்தான். சியேனி அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்ததும், "பேசிக்கிட்டிருக்கோம் இல்ல? அப்புறம் சொல்லுங்கப்பா" என்றாள். அவன் காத்திருந்தான். சாப்பாடு முடிந்தது, கிண்ணம் வந்தது, துண்டு வந்தது. அந்த அப்புறம் மட்டும் வரவில்லை. ஒரு பேச்சுக்கு ஏழு பாய் வாங்குகிறவன் அந்த ஆமையை வாயிலேயே வைத்துக்கொண்டு படுத்தான். அன்று தூக்கம் வராமல், அவள் சொல்ல வந்த இந்த மாதிரி எத்தனை ஆமையைத் தான் அப்புறம் என்று தள்ளியிருக்கக்கூடும் என்று யோசித்தான். எண்ணிக்கை தெரியவில்லை, அது பயமாக இருந்தது.

நடுவில் வசனம் சொல்ல வைக்க என்னென்னவோ செய்தார்கள். தோமாசி முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான். போதகர் மிட்டாய் கொடுத்தார். டீச்சர் இரண்டு வரி போதும் என்று இறங்கி வந்தாள். சியேனி எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள்: "ஞாபகம் இல்ல." ஏப்ரலில் ஒருநாள் லாங்கி கொல்லைப் பக்கம் போனபோது, சியேனி பன்றிகளை நிறுத்தி வைத்து அந்தப் பதினாலு வரியையும் தங்கு தடையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பன்றிகள் ஒன்பதும் தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பன்றிக்குச் சொன்னது கணக்கில் வராது போலும், ஞாயிறு முடியவில்லை. லாங்கி ஓடி வந்து சொன்னாள்: "அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குங்க. சொல்ல மாட்டேங்கறா." "திமிரு" என்றான் தோமாசி. "திமிரில்ல, பயம்" என்றாள் லாங்கி. "சொன்னா திங்கள் வரும். திங்கள் வந்தா அவள அனுப்பிடுவோம். அவளுக்குத் தெரியாதா என்ன." தோமாசிக்கு அது சரி என்றுதான் பட்டது. ஆனாலும் அக்காவிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல்லைத் திரும்பக் கூப்பிடுவது எப்படி என்று அவன் கற்ற பேச்சுக்கலையில் இல்லை.

மகெரிதா ஜூலையில் சொன்னபடி வந்தாள். இந்த முறை ஆக்லாந்து வக்கீல் ஒருவரைக் கேட்டு, ஞாயிறாக இருந்தாலும் செல்லும் டிக்கெட் எடுத்திருந்தாள். துறைமுகம் வரை ஒரு மாட்டு வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தாள், மாட்டுக்குக் கிழமை தெரியாது என்று. காரியம் இந்தத் தடவை நடந்துவிடும் போல இருந்தது. வந்த இரண்டாம் நாள், அவள் திரும்புவதற்கு முந்தின மத்தியானம், வழியனுப்பு விருந்து. போதகரைக் கூப்பிட்டிருந்தார்கள். சியேனி முன்தூணில். விருந்தாளிகளான மகெரிதாவும் போதகரும் அவளுக்கு இரண்டு பக்கத்தில். லாங்கி பரிமாறினாள். தோமாசி பின்தூணில் விசிறியோடு.

மகெரிதா கோழிக்காலைப் பிட்டுக்கொண்டே, தம்பிக்கும் ஓர் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னாள். ஆக்லாந்துக்குத் தெற்கே இன்னொரு தீவில் ஆப்பிள் பறிக்க ஆள் எடுக்கிறார்கள். ஏழு மாத வேலை. அவன் பெயரைக் கொடுத்துவிட்டாள். போதகர், நல்ல காரியம், உடம்பும் இளைக்கும் என்றார். குளிர் தாங்குவானா என்று லாங்கி கேட்டாள். தாங்காமல் என்ன, இரண்டு கம்பளிச் சட்டை வாங்கித் தருகிறேன் என்றாள் மகெரிதா. முட்டிவலி உண்டு என்றாள் லாங்கி. வேலை செய்தால் போய்விடும் என்றார் போதகர். பேச்சு இப்படியே போனது. அவனைப் பற்றி, அவன் முட்டியைப் பற்றி, அவன் ஏழு மாதத்தைப் பற்றி. அவன் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தான். தோமாசி முதலில் கனைத்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தான், அவள் திரும்பினால் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று. அவள் போதகரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதகரைப் பார்த்தான். அவர் லாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாங்கி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முகம் தன் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாற்பத்தாறு வயது ஆள் விசிறியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவனால் ஆரம்பிக்க முடியவில்லை, யாராவது பார்த்தால்தானே ஆரம்பிப்பது.

அப்படித் தேடிக்கொண்டு வந்த அவன் கண் முன்தூணில் போய் நின்றது. சியேனி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாமல், கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, விருந்து ஆரம்பித்ததிலிருந்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. தோமாசி விசிறியைக் கீழே வைத்தான்.

விருந்தாளிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூடாது. குனிந்தே போய் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தான். "தட்ட எடுக்கவா வந்த? இன்னும் முடியல" என்றாள் மகெரிதா, திரும்பாமலே. "தட்டு கெடக்கட்டும்க்கா. இந்தப் பக்கம் திரும்பு." அவள் திரும்பினாள். "நான் ஆப்பிள் பறிக்க வரல. அவளும் உன்கூட வரல." போதகரின் கையில் சேம்புத் துண்டு பாதி வழியில் நின்றது. "என்ன சொன்ன?" என்றாள் மகெரிதா. "போன்ல சரின்னேன். அப்ப என் கையில தேங்கா இருந்துச்சு, நெனப்பும் அதுலதான் இருந்துச்சு. நீ கேட்டு நான் இல்லைன்னு சொன்னதே கெடையாது. இப்ப சொல்றேன். இல்லக்கா." ஒரு மணி நேரம் பேசினாலும் மூச்சு வாங்காதவன், இவ்வளவு சொன்னதற்கே வியர்த்துப் போனான். தீவில் தம்பி அக்காவுக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடியவில்லை. கொல்லையில் ஒரு பன்றி மட்டும் கத்தியது.

மகெரிதா சண்டை போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "ரெண்டு ரூம் சும்மா கெடக்குடா தம்பி" என்றாள். "வேல முடிஞ்சு வந்து லைட்டப் போட்டா ஒரு சத்தம் இல்ல. எனக்கு யாரு இருக்கா?" தோமாசி அழுதான். அவளும் அழுதாள். போதகர் கூரையைப் பார்த்தார். பிறகு மகெரிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சியேனியிடம் கேட்டாள்: "ஏண்டி, உன்ன யாராச்சும் கேட்டாங்களா?" "இல்ல அத்தை." "சரி, நான் கேக்கறேன். வர்றியா?" "இல்ல அத்தை" என்றாள் சியேனி. பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்து, "லீவுக்கு வரேன். ஆனா திரும்பி வந்துருவேன்" என்றாள்.

தோமாசி மகளிடம் கேட்டான்: "அன்னைக்குச் சர்ச்சுல நான் எங்க பாத்துக்கிட்டிருந்தேன்?" ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஏவல் அல்லாத ஒன்றை அவள் அவனிடம் சொன்னாள். "மொதல்ல அத்தைய. அப்புறம் பக்கத்து ஊரு மாமா ரெண்டு பேர. அப்புறம் போதகர." "நீ?" "உங்களத்தான். நீங்க பாத்ததும் ஆரம்பின்னு சொன்னீங்க இல்ல. நீங்க பாக்கவே இல்ல. எந்திரிச்சு நீங்களே சொல்லிட்டீங்க." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரிச் சொன்னாள். தோமாசி தலையில் அடித்துக்கொண்டான். மறந்துபோய் நிற்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான், ஊரே நினைத்திருந்தது. "தப்புதாம்மா. என் தப்பு" என்றான். பிறகு, "இப்பப் பாக்கறேன்" என்றான்.

அவள் எழுந்து நின்றாள். உடனே ஆரம்பிக்கவில்லை. தேவாலயத்தில் நின்றதைவிட அதிக நேரம் நின்றாள். லாங்கியின் உதடு முதல் வரியை எடுத்துக் கொடுக்கத் துடித்தது. தோமாசி கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி அவளைத் தடுத்தான். சியேனி ஆரம்பித்தாள். ஒன்பதாவது வரியில் நின்றாள். ஒரு சேவல் வீட்டுக்குள் வந்து குறுக்கே நடந்து அந்தப் பக்கம் இறங்கிப் போனது; அது போகும் வரை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். தோமாசி அவள் சேவலைப் பார்ப்பதையும் பார்த்தான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. பதினாலாவது வரியை முடித்து வாயை மூடினாள்.

ஊருக்கு அன்று வியாழக்கிழமை. அந்த வீட்டுக்கு, வர வேண்டிய திங்கட்கிழமை வந்தது. கல்லடுப்பு குளிர்ந்தது, வாசலில் கிடந்த கத்தி கூரானது. கூடவே, சியேனி வளர்ந்தாள். ஒன்பது மாதமாக ஞாயிறு அவளை வளர விடாமல் வைத்திருந்தது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை; சட்டை அப்படியே பொருந்துகிறதே என்று லாங்கிகூட யோசிக்கவில்லை. ஒரு குவளை கோகோ ஆறுகிற நேரத்தில் அவ்வளவும் நடந்தது. வெள்ளைச் சட்டையின் ஓரம் முழங்காலுக்கு மேலே ஏறியது. கை, சட்டைக் கையைவிட்டு நீண்டது. இடுப்புத் தையல் இரண்டு இடத்தில் விட்டது. முன்வாய் இடைவெளியில் இரண்டு பற்கள் இறங்கி வந்து நின்றன, ஒன்று லேசாகக் கோணல். கன்னத்தில் இருந்த குழந்தைச் சதை கரைந்து, லாங்கியின் தாடை மாதிரி ஒரு தாடை வந்தது. மகெரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், போதகர் இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், லாங்கி கைதவறி விழுந்த ஒரு தட்டை எடுக்கக் குனிந்திருந்தாள். தோமாசி ஒருவன்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பிள்ளை வளர்வதைக் கண்ணால் பார்த்தவர் சாலெமோவாவில் அவனுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எப்படி இருந்தது என்று பிற்பாடு நிறையப் பேர் கேட்டார்கள். அவ்வளவு பேசத் தெரிந்தவன், அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

மகெரிதா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஆக்லாந்துப் பள்ளிக்கூடத்துக்கு என்று எட்டு வயது அளவில் வாங்கி வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்து வந்து, மாட்டிவிட்டு, பின்னால் பொத்தான்களைப் போட்டாள். அளவு சரியாக இருந்தது. திங்கட்கிழமை பன்றிகளுக்குத் தேங்காய் போடுவது சியேனியின் வேலை. அவள் அந்தச் சட்டையோடு கொல்லைப் பக்கம் போனாள்.